வழி காட்டும் வைஃபை பெட்டிகள்

2007-ல் விற்பனைக்கு வந்த முதல் ஐஃபோனில் ஜிபிஎஸ் கிடையாது. வரைபடத்தைத் திறக்கலாம், ஊர்ப் பெயரைத் தேடலாம். கையில் வைத்திருப்பவர் எங்கே நிற்கிறார் என்பது மட்டும் அந்த ஃபோனுக்குத் தெரியாது. 2008 ஜனவரியில் ஆப்பிள் ஒரு மென்பொருள் புதுப்பிப்பை வெளியிட்டது. ஃபோனுக்குள் புதிதாக எந்தச் சில்லும் சேரவில்லை. ஆனாலும் அதன் பிறகு நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ ஒரு தெருமுனையில் நின்று பொத்தானைத் தொட்டால், வரைபடத்தில் அந்தத் தெருமுனையைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது.

அந்த ஃபோன் செய்தது இதுதான். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் இருக்கும் வைஃபை ரூட்டர்கள் என்னென்ன என்று காதுகொடுத்துக் கேட்டது. கேட்ட ரூட்டர்களின் எண்களை பாஸ்டனில் இருந்த ஸ்கைஹுக் என்ற நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பியது. ‘இந்த எண்கள் கேட்கும் இடம் இது’ என்று சர்வர் பதில் சொன்னது. அக்கம்பக்கத்தில் ரூட்டர் எதுவும் அகப்படாவிட்டால் செல்ஃபோன் கோபுரங்களை வைத்துத் தோராயமாக ஊகித்துக்கொண்டது.

சர்வருக்கு மட்டும் எப்படித் தெரியும்? கூலிக்கு ஓட்டுநர்களை அமர்த்தி, காரில் கணினியையும் ஆன்டெனாவையும் ஜிபிஎஸ் கருவியையும் ஏற்றி, அமெரிக்க நகரங்களின் தெருக்களில் ஸ்கைஹுக் முன்கூட்டியே ஓட்டிவைத்திருந்தது. அந்த வேலையை முதலில் கற்றுக்கொடுத்தவர்கள் நிறுவனங்கள் அல்ல. அந்த ஐஃபோன் புதுப்பிப்புக்கும் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சிலர் சொந்தக் காரில், சொந்தச் செலவில், ஆர்வத்துக்காக மட்டும் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். இன்று நம் ஃபோன் காட்டும் நீலப் புள்ளிக்கு அவர்களுடைய அந்த முயற்சிதான் அடித்தளம். அவர்கள் செய்ததை விளங்கிக்கொண்டால், நம் வீட்டு ரூட்டர் நம்மைப் பற்றி ஊருக்கு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

ரூட்டரிலிருந்து தொடங்குவோம். எந்த வைஃபை ரூட்டரும் வழக்கமாக 102.4 மில்லி நொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்குச் சுமார் 10 முறை, ஒரு சிறு அறிவிப்பை ஒலிபரப்புகிறது. இதற்கு பீக்கன் என்று பெயர். பேருந்து நிலையத்தில் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கண்டக்டர் ‘தாம்பரம், தாம்பரம்’ என்று கூவிக்கொண்டே இருப்பாரே, அதைப் போல. நெட்வொர்க்கின் பெயர் (32 பைட் வரை), அது எந்தச் சேனலில் இருக்கிறது, என்னென்ன வேகங்களில் பேசும், பூட்டு உண்டா இல்லையா, ரூட்டரின் 48 பிட் அடையாள எண் ஆகிய எல்லாம் அதில் இருக்கும். இந்த அறிவிப்பை மறைத்து அனுப்ப வழியில்லை. புதிதாக வரும் ஒரு ஃபோன், இணைவதற்கு முன்பே இதைப் படித்தாக வேண்டும். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினால் எப்படிப் படிப்பது? ஆகவே எவ்வளவு கெட்டியான பாஸ்வேர்டு வைத்திருக்கும் வீடாக இருந்தாலும், அதன் பீக்கன் தெருவில் போகிறவர் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது.

அந்த 48 பிட் எண்தான் இந்தக் கதையின் நாயகன். அதன் முதல் 24 பிட், ரூட்டரைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும். ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒதுக்கிக் கொடுப்பது. மீதி 24 பிட்டை நிறுவனம் பெட்டிக்குப் பெட்டி மாற்றிப் போடுகிறது. ஆக, உலகத்தில் இரண்டு ரூட்டருக்கு ஒரே எண் இருக்கக் கூடாது. நெட்வொர்க்கின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் இந்த எண் சாதாரணமாக மாறுவதில்லை.

802.11பி என்ற தரநிலை 1999-ல் வந்தது. ஆப்பிளின் ஏர்போர்ட் ரூட்டரும் அதே ஆண்டு கடைக்கு வந்தது. அதற்கு முன்பு அலுவலகங்களிலும் கிடங்குகளிலும் மட்டும் இருந்த கம்பியில்லா நெட்வொர்க் வீடுகளுக்குள் நுழைய ஆரம்பித்த காலம் அது. அடுத்த ஆண்டு, இதோடு தொடர்பே இல்லாத இன்னொரு முடிவு வாஷிங்டனில் எடுக்கப்பட்டது. அதுவரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவந்தது. காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப்போகும். 2000 மே மாதத் தொடக்கத்தில், அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் ஜிபிஎஸ்ஸின் துல்லியம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடியது. 100 மீட்டர் பிழை இருந்தால் ஒரு ரூட்டர் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. 10, 15 மீட்டர் என்றால் எந்த வீட்டருகே என்று சொல்லிவிடலாம். வைஃபையை வரைபடமாக்கும் வேலைக்கு இந்த இரண்டும் ஒரே சமயத்தில் கூடிவந்ததை முக்கியமான தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் ஷிப்லி இந்த இரண்டையும் கோத்தார். ஊர்க் கணக்கெடுப்பு அவருக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தின் சுமார் 57 லட்சம் தொலைபேசி எண்களைக் கணினியை விட்டு ஒவ்வொன்றாக டயல் செய்யவைத்து, எந்த எண்ணில் மோடம் எடுக்கிறது, அது பூட்டியிருக்கிறதா என்று பார்த்தவர் அவர். 1983-ல் வந்த ‘வார் கேம்ஸ்’ படத்தில் ஒரு பையன் அப்படி டயல் செய்வான்; அதனால் அந்த வேலைக்கு வார் டயலிங் என்று பெயர். தொலைபேசிக்குப் பதில் கார் வந்ததும் அது வார் டிரைவிங் ஆனது. 2001 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் ஷிப்லி தன் கணக்கெடுப்பை விளக்கினார். பெரும்பாலான நெட்வொர்க்குகளுக்குப் பூட்டே இல்லை என்பது அங்கே கூடியிருந்தவர்களுக்கும் அதிர்ச்சியாக இருந்தது.

அதன் பிறகு இது ஒரு பொழுதுபோக்காகப் பரவியது. அந்தக் காரின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தொடக்கத்தில் முன்சீட்டில் ஒரு லேப்டாப், அவ்வளவுதான். ஆர்வம் முற்றியவர்கள் காருக்கென்றே ஒரு கணினியைக் கட்டினார்கள். 17 சென்டிமீட்டர் சதுரத்தில் அடங்கும் மினி-ஐடிஎக்ஸ் பலகையை வியா நிறுவனம் 2001 வாக்கில் கொண்டுவந்தபோது, அதை சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ பொருத்துவது எளிதாகிவிட்டது. உண்மையான தலைவலி மின்சாரம். கார் பேட்டரியை 12 வோல்ட் என்கிறோம்; என்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட்டைத் தாண்டும், சாவி திருகி ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் அந்த ஒரு கணத்தில் 8, 7 என்று விழும். வீட்டுக் கணினி அந்த ஒரு கணத்தில் அணைந்துவிடும். அதனால் 6 வோல்ட்டில் தொடங்கி எது வந்தாலும் சமாளித்து, கணினிக்குச் சீரான மின்சாரம் தரும் தனிப் பவர் சப்ளை வேண்டும். அதோடு, காரை நிறுத்திய பிறகு கணினி தானாக அணையவும் வேண்டும். 25 வாட் இழுக்கும் கணினி இரவு 12 மணி நேரம் ஓடினால் 300 வாட்-மணி போய்விடும். சிறிய காரின் 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதே 540 வாட்-மணிதான். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறும் சூடும், மேடுபள்ளத்தில் குலுங்கும் ஹார்டு டிஸ்கும் தனிக் கவலைகள். அதிர்ச்சி தாங்கும் என்பதால் லேப்டாப்புக்கான சிறிய டிஸ்கையே பலர் போட்டார்கள்.

வைஃபை கார்டு என்றால் அந்த நாட்களில் ஓரினோகோ கார்டுக்குத்தான் மவுசு. லூசன்ட் நிறுவனம் தயாரித்த அந்தக் கார்டில் வெளி ஆன்டெனாவைச் செருகுவதற்கு ஒரு பொடித் துவாரம் இருந்தது. காந்தம் வைத்த ஒரு ஆன்டெனாவைக் கார் கூரைமேல் ஒட்டிவைத்து, கேபிளைக் கதவிடுக்கு வழியாக இறக்குவார்கள். இதில் தெரியாமல் ஏமாறுவதற்கு நிறைய இடம் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மெல்லிய கேபிள் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபெல்லை விழுங்கும். 5 டெசிபெல் கூட்டித் தரும் ஆன்டெனாவை வாங்கி, அதை 5 மீட்டர் கேபிளில் இணைத்தால், கூடியது அத்தனையும் கேபிளிலேயே கரைந்துவிடும். நல்ல ஆன்டெனாவைவிடக் குட்டையான கேபிள்தான் முக்கியம் என்பதை விவரம் அறிந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான்.

ஜிபிஎஸ் கருவியும் கூரைக்குத்தான் போக வேண்டும். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அதன் சிக்னல் நம்மை எட்டும்போது சுமார் -130 டிபிஎம். காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் ஒரு வைஃபை சிக்னல் -90 டிபிஎம். அதாவது மிக மெலிந்த வைஃபை சிக்னலைவிடவும் ஜிபிஎஸ் சிக்னல் பத்தாயிரம் மடங்கு மெலிந்தது. காருக்குள் இருக்கும் கணினிப் பலகை கசியவிடும் ரேடியோ இரைச்சலே அதை அமுக்கிவிடும். கூரைமேல் உட்கார்ந்த அந்தக் கருவி, கீழே இருக்கும் கணினிக்கு நொடிக்கு ஒரு வரி அனுப்பும்: இந்த நேரம், இந்த அட்சரேகை, இந்தத் தீர்க்கரேகை, இந்த வேகம். கணினியில் ஓடும் மென்பொருள், அந்த நொடியில் கேட்ட பீக்கன்களை அந்த வரியோடு முடிச்சுப்போட்டுப் பதிந்துகொள்ளும். வரைபடத்துக்கான மூலப்பொருள் இவ்வளவுதான். இன்ன எண்ணை, இன்ன வலுவில், இன்ன இடத்தில் கேட்டேன் என்று எழுதிய ஒரு நீண்ட பட்டியல்.

அந்தப் பட்டியல் எவ்வளவு நம்பகமானது என்பதைக் காரின் வேகம் தீர்மானிக்கிறது. ஒரு வைஃபை கார்டு ஒரு சமயத்தில் ஒரு சேனலைத்தான் கேட்கும். அமெரிக்காவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 சேனல்கள். பீக்கன் 102 மில்லி நொடிக்கு ஒருமுறை வருவதால், ஒவ்வொரு சேனலிலும் ஏறக்குறைய அவ்வளவு நேரமாவது நின்று கேட்டால்தான் தப்பாமல் அகப்படும். 11 சேனலையும் ஒரு சுற்று சுற்றிவர 1.1 நொடி ஆகிறது. கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 11 மீட்டர். ஒரு சுற்றுக்குள் 12 மீட்டர் நகர்ந்திருக்கும். ஒரு வீட்டு ரூட்டர் சாலையில் 60 மீட்டர் நீளத்துக்குக் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், அதைக் கடப்பதற்குள் ஐந்து முறை பதிவாகும். போதுமானது. 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இரண்டே முறை. நடுவில் ஒரு லாரி மறைத்தால் அதுவும் இல்லை. அதனால்தான் தீவிரமாக இறங்கியவர்கள் மூன்று கார்டுகளைப் போட்டு, பெரும்பாலான ரூட்டர்கள் குடியிருக்கும் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஆளுக்கு ஒன்றாக உட்காரவைத்தார்கள்.

மென்பொருளில் இரண்டு கட்சி இருந்தது. மாரியஸ் மில்னர் 2001-ல் விண்டோஸுக்கு எழுதிய நெட்ஸ்டம்ப்ளர், ‘இங்கே யார் இருக்கிறீர்கள்?’ என்று கேள்வியை ஒலிபரப்பிவிட்டு, பதில் சொன்ன ரூட்டர்களைப் பட்டியலிடும். மைக் கெர்ஷா லினக்ஸுக்கு எழுதிய கிஸ்மெட் வாயே திறக்காது. காற்றில் வருவதை எல்லாம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். பெயரை மறைத்து வைத்த ரூட்டர் நெட்ஸ்டம்ப்ளரின் கேள்விக்குப் பதில் சொல்லாது. கிஸ்மெட்டோ காத்திருந்து, அந்த வீட்டு லேப்டாப் ரூட்டரோடு இணையும்போது பெயரை வெளிப்படையாகச் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். நெட்வொர்க் பெயரை மறைத்துவைப்பதைப் பாதுகாப்பு என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை.

பட்டியல் கிடைத்துவிட்டது. அதிலிருந்து ரூட்டரின் இடத்தை எப்படிக் கணக்கிடுவது? சிக்னல் வலுவை வைத்துத் தூரத்தை அளக்கலாமே என்றுதான் முதலில் தோன்றும். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் சிக்னல் 6 டெசிபெல் குறையும். இயற்பியல் அதுவரைக்கும் சுத்தமாக இருக்கிறது. தெருவில் அது எடுபடாது. ஒரு கான்கிரீட் சுவர் 12 டெசிபெல் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 டெசிபெல் என்றால் தூரம் நான்கு மடங்கானதற்குச் சமம். சுவருக்குப் பின்னால் 20 மீட்டரில் இருக்கும் ரூட்டர், ஜன்னலோரத்தில் 80 மீட்டரில் இருக்கும் ரூட்டரைப் போலவே கேட்கும். அதனால் தூரத்தை அளக்கும் ஆசையை விட்டுவிட்டு, கேட்ட இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சராசரி எடுக்கிறார்கள். வலுவாகக் கேட்ட இடத்துக்கு அதிக எடை, மெலிதாகக் கேட்ட இடத்துக்குக் குறைந்த எடை.

இந்தச் சராசரியில் ஒரு குறை பிறவியிலேயே இருக்கிறது. கார் சாலையில்தான் போகும். அதனால் கேட்ட இடங்கள் எல்லாமே சாலைமேல் இருக்கின்றன. அவற்றின் சராசரியும் சாலைமேலேயே விழுகிறது. வரைபடத்தைப் பார்த்தால் ரூட்டர்கள் எல்லாம் வீடுகளை விட்டு இறங்கிவந்து நடுரோட்டில் வரிசையாக நிற்பதுபோல இருக்கும். முன்தெரு, பின்தெரு இரண்டிலும் ஓட்டினால் புள்ளி நடுவுக்கு நகர்ந்து வீட்டை நெருங்கும். மாடிக் கட்டடங்களில் நிலைமை இன்னும் மோசம். 20-வது மாடியில் இருக்கும் ரூட்டர் கட்டடத்தின் அடியில் கேட்காமல் போய், இரண்டு தெரு தள்ளித் தெளிவாகக் கேட்கலாம். காரின் பட்டியலில் உயரம் என்ற ஒன்றே கிடையாது.

இப்படிப் பல ஊர்களில் பலர் திரட்டிய பட்டியல்களை ஒன்றுசேர்க்க 2001-ல் விகில் என்ற பொதுத் தொகுப்பு தொடங்கியது. அதில் இன்று நூறு கோடிக்கும் மேற்பட்ட வைஃபை நெட்வொர்க்குகள் இருக்கின்றன. 2002 ஆகஸ்ட் கடைசியில் கிறிஸ் ஹர்லி என்பவர் முன்னின்று, உலகம் முழுக்க ஒரே வாரத்தில் எல்லோரும் ஓட்டுவது என்று ஒரு கணக்கெடுப்பை நடத்தினார். முதல் முறை 9 ஆயிரத்துச் சொச்சம் ரூட்டர்கள் பதிவாயின. அதில் 30 சதவீதத்துக்குத்தான் பூட்டு இருந்தது. 2004 ஜூனில் நான்காம் முறை நடத்தியபோது 2 லட்சத்து 28 ஆயிரம் ரூட்டர்கள். பூட்டியவை 38 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு ரூட்டர், கடையில் வாங்கிவந்தபோது இருந்த அதே பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. பெயரையே மாற்றாதவர் உள்ளே எதையும் மாற்றியிருக்க மாட்டார் என்பது திருடனுக்குக் கிடைக்கும் முதல் துப்பு.

அந்த 38 சதவீதத்தையும் பூட்டு என்று சொல்வது பெருந்தன்மைதான். அது வெப் என்ற குறியாக்கம். ஒவ்வொரு பொட்டலத்தையும் பூட்டும்போது அது ஒரு 24 பிட் எண்ணைச் சேர்த்துக்கொள்ளும். 24 பிட்டில் மொத்தம் 1 கோடியே 67 லட்சம் எண்கள்தான் உண்டு. வேலை மும்முரமான ஒரு நெட்வொர்க் இத்தனையையும் ஐந்தே மணி நேரத்தில் செலவழித்துவிட்டுப் பழைய எண்களுக்கே திரும்பிவிடும் என்று ஷிப்லியின் அதே பெர்க்லி நகரில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் போரிசோவ், கோல்ட்பெர்க், வாக்னர் மூவரும் 2001-ல் கணக்குப்போட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டு ஃப்ளூரர், மான்டின், ஷமிர் ஆகியோர் அடிப்படைச் சூத்திரத்திலேயே ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சில நாட்களில் யாரும் இறக்கிக்கொண்டு பயன்படுத்தும் கருவியும் வந்துவிட்டது. 2003-ல் டபிள்யுபிஏ, 2004-ல் டபிள்யுபிஏ2 வந்த பிறகுதான் பூட்டு பூட்டாக மாறியது.

இடைப்பட்ட காலத்தில் சேதம் நிறைய நடந்தது. மயாமி பகுதியில் காரில் சுற்றிக் கடைகளின் பலவீனமான நெட்வொர்க்கைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்த ஒரு கும்பல், டிஜேஎக்ஸ் உள்ளிட்ட பல நிறுவனங்களிடமிருந்து 4 கோடிக்கும் மேற்பட்ட கார்டு எண்களைத் திருடியதாக 2008-ல் அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டியது. தலைவனுக்கு 2010-ல் 20 ஆண்டுச் சிறை. நம் நாட்டிலும் இது வேறு வடிவில் வந்தது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் பூட்டாமல் வைத்திருந்த வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. சம்பந்தமே இல்லாத அந்த வீட்டுக்காரர் விசாரணையில் சிக்கினார். அடுத்த ஜனவரியில், பூட்டாத நெட்வொர்க்குகளைத் தேடி போலீசாரே லேப்டாப்போடு தெருக்களில் சுற்றுவார்கள் என்று மும்பைக் காவல்துறை அறிவித்தது. அதே கருவிகள், அதே வேலை. நோக்கம் மட்டும் வேறு.

பாதுகாப்பைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு நடுவே, சியாட்டிலில் இருந்த இன்டெல் ஆய்வகத்துக்கு இதே பட்டியல் வேறு மாதிரி தெரிந்தது. ஜிபிஎஸ் துணையோடு ரூட்டரின் இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் ரூட்டரின் துணையோடு, ஜிபிஎஸ் இல்லாமல், ஆளின் இடத்தைக் கண்டுபிடிக்கலாமே! கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும். பிளேஸ் லேப் என்ற அந்தத் திட்டம், சியாட்டில் வட்டாரத்தில் இந்த முறைக்கு 20 முதல் 30 மீட்டர் துல்லியம் கிடைக்கிறது என்று 2005-ல் அறிவித்தது. ஜிபிஎஸ் தடுமாறுகிற வீட்டுக்குள்ளும், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் இது வேலை செய்தது.

இங்கே ஒரு அழகு இருக்கிறது. ரூட்டர்கள் நடுரோட்டில் நிற்பதாகக் காட்டும் அந்தப் பிறவிக் குறை, கணக்கைத் திருப்பிப் போட்டதும் பெரும்பாலும் ரத்தாகிவிடுகிறது. ரூட்டர் உண்மையில் எந்த அறையில் இருக்கிறது என்று நமக்கு ஏன் தெரிய வேண்டும்? எந்த இடத்தில் நின்றால் அது கேட்கும் என்று தெரிந்தால் போதும். கார் சாலையிலிருந்து கேட்டது. தெருவில் நடக்கும் நமது ஃபோனும் ஏறக்குறைய அங்கிருந்துதான் கேட்கிறது. இரண்டும் ஒரே மாதிரி தவறு செய்வதால் விடை சரியாக வருகிறது.

ஸ்கைஹுக் நிறுவனம் 2003-லேயே இந்தத் தொழிலில் இறங்கியிருந்தது. 2008-ல் ஐஃபோன், அதன் பிறகு எல்லா ஃபோனும். ஃபோனுக்குள் ஜிபிஎஸ் வந்த பிறகு காருக்கு வேலையில்லாமல் போயிற்று. ஜிபிஎஸ்ஸும் வைஃபையும் உள்ள ஒவ்வொரு ஃபோனும் ஒரு வார் டிரைவிங் கார்தான். அது போகிற இடமெல்லாம் கேட்ட ரூட்டர்களையும் தன் இடத்தையும் சேர்த்து ஆப்பிளுக்கோ கூகுளுக்கோ அனுப்பிவைக்கிறது. கார் போகாத சந்துக்குள்ளும் மாடிப்படியிலும் ஃபோன் போகும் என்பதால் பழைய குறைகளும் மெல்ல மெல்லக் குறைந்தன.

இந்த வேலையைக் காரில் பெரிய அளவில் செய்தவர்களில் கூகுள்காரர்களும் உண்டு. தெருக்காட்சிப் படம் எடுக்கும் கார்களிலேயே வைஃபை கருவியையும் வைத்து அனுப்பினார்கள். நொடிக்குச் சுமார் ஐந்து முறை சேனல் மாற்றிக்கொண்டே அவை போயின. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்தப் பதிவுகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். 2010 மே மாதம் கூகுள் ஒப்புக்கொண்டது: பீக்கனோடு நிற்காமல், பூட்டாத நெட்வொர்க்குகளில் போய்க்கொண்டிருந்த மக்களின் தரவுத் துணுக்குகளையும் அந்தக் கார்கள் பதிந்திருந்தன, 30-க்கும் மேற்பட்ட நாடுகளில். ஒரு சேனலில் 200 மில்லி நொடிதான் நிற்கிறது, அதில் என்ன கிடைத்துவிடும் என்று தோன்றலாம். மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும் அனுப்ப அதைவிடக் குறைந்த நேரம் போதும். அவை கிடைக்கவும் செய்தன. பிரான்சு 2011-ல் 1 லட்சம் யூரோ அபராதம் போட்டது. 2013-ல் 38 அமெரிக்க மாநிலங்களுக்கு 70 லட்சம் டாலர் கட்ட கூகுள் சம்மதித்தது. பூட்டாத வைஃபையில் போகும் தரவும் பொதுவில் ஒலிபரப்பான ஒன்று அல்ல என்று அதே ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

என் பார்வையில் அந்தத் தீர்ப்பு சரியானது. பீக்கன் என்பது ஊருக்கான அறிவிப்பு. அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதில் தவறு காண முடியாது. அதற்குப் பின்னால் ஒருவர் தன் வங்கியோடும் மருத்துவரோடும் பேசுவது வேறு. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே நடக்கும் பேச்சைப் பதிவுசெய்ய யாருக்கும் உரிமை வந்துவிடாது. வார் டிரைவிங் செய்தவர்களில் பொறுப்பானவர்கள் தொடக்கத்திலிருந்தே இந்தக் கோட்டை மதித்தார்கள்: எண்ணைக் குறித்துக்கொள், உள்ளே நுழையாதே.

ஆனால் அறிவிப்பை மட்டும் குறித்துக்கொண்டாலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்பதுதான் இப்போது தெரிந்துவருகிறது. ஒருவர் வீடு மாறும்போது ரூட்டரையும் எடுத்துக்கொண்டு போகிறார். புது வீட்டில் செருகிய சில நாட்களில் அக்கம்பக்கத்து ஃபோன்கள் அதைக் கேட்டுச் சொல்லிவிடுகின்றன. சர்வர் அந்த எண்ணைப் புது இடத்துக்கு மாற்றிக்கொள்கிறது. பழைய எண் தெரிந்த எவரும் புது முகவரியைக் கேட்டுப் பெறலாம் என்றால் என்ன ஆகும்? கணவனின் கொடுமைக்குப் பயந்து வேறு ஊருக்குப் போன பெண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும். அவள் எடுத்துச்சென்ற ரூட்டரின் எண், பழைய வீட்டில் அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் அச்சாகி அவன் கண் முன்னால் இருந்ததுதானே.

இது வெறும் ஊகம் அல்ல. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் எரிக் ரை, டேவ் லெவின் இருவரும் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிளின் இட அறிவிப்புச் சர்வரிடம் ஊகித்த எண்களைத் திரும்பத் திரும்பக் கேட்டே, உலகெங்கும் 200 கோடிக்கும் மேற்பட்ட ரூட்டர்களின் இடத்தைத் திரட்டிக் காட்டினார்கள். ஒரு எண்ணைக் கேட்டால் அதற்கு அருகிலுள்ள 400 எண்கள் வரை அந்தச் சர்வர் சேர்த்தே கொடுத்தது. இதற்கு அவர்களுக்குக் காரும் வேண்டியிருக்கவில்லை, ஆன்டெனாவும் வேண்டியிருக்கவில்லை. உக்ரைன் போர்முனைக்கு உள்ளும் வெளியுமாக நகரும் ஸ்டார்லிங்க் பெட்டிகளையும், காஸாவில் ரூட்டர்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோவதையும் அவர்களால் மேசையில் உட்கார்ந்தபடியே பார்க்க முடிந்தது.

தற்காப்பாக இப்போது நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நெட்வொர்க் பெயரின் கடைசியில் ஒரு அடிக்கோட்டையும், ‘நோமேப்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்துகளில் எழுதியும் சேர்த்தால், அந்த ரூட்டரைத் தொகுப்பில் வைத்துக்கொள்வதில்லை என்று கூகுள் 2011-ல் அறிவித்தது. ஆப்பிளும் 2024 மார்ச் முதல் அதை ஏற்கிறது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பை ஏன் வீட்டுக்காரர் தலையில் கட்ட வேண்டும்? நம் ஃபோன்கள் நெட்வொர்க் தேடும்போது தம் உண்மையான எண்ணைச் சொல்லாமல் மாற்றி மாற்றிச் சொல்லும் வழக்கம் 2014-லேயே ஐஃபோனில் வந்துவிட்டது. ரூட்டரும் ஒவ்வொரு முறை மின்சாரம் போட்டுத் தொடங்கும்போது தன் 48 பிட் எண்ணைப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் வீடு மாறும் ரூட்டரைத் தொடர முடியாது. ஒரே வீட்டில் ஆண்டுக்கணக்கில் அணையாமல் ஓடும் ரூட்டர்கள் வழக்கம்போல வழி காட்டும். நீலப் புள்ளிக்கும் குறை வராது. ஸ்டார்லிங்க் பெட்டிகளுக்கு இந்த மாற்றத்தை ஸ்பேஸ்எக்ஸ் மென்பொருள் வழியாகவே கொண்டுவந்துவிட்டது. புதிதாக எந்தச் சில்லும் தேவைப்படவில்லை. மற்ற ரூட்டர் நிறுவனங்களும் இதை அடுத்த புதுப்பிப்பிலேயே செய்துவிடலாம், செய்யவும் வேண்டும்.